புதுத் தாளம்

ஜினகுமாரின் ராக் குழு அவன் வீட்டில் பதிவு செய்த டேப்பைக் கேட்டு ஊர் இரண்டுபட்டது. புதுத் தாளம் அபாரம் என்றார்கள் கல்லூரிப் பிள்ளைகள். பழைய ரசிகர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதே தாளம் இருந்தால்தான் விழாவில் மேடை என்றது கல்லூரி.

டேப் ரெக்கார்டரோடு பக்கத்து வீட்டுக்குப் போனான் ஜினகுமார். குழித்தறியின் பள்ளத்துக்குள் காலைத் தொங்கவிட்டபடியே கேட்ட நெசவாளர் முனுசாமி முகம் சுளித்தார்.

"பாட்டு பரவாயில்லபா. கட்டையால அடிச்சிக்கினு கீறானே, அந்த டிரம்ஸ்காரன மொதல்ல தொரத்து."

"அன்னிக்கு அவனுக்கு ஜுரம்ணா. வரவே இல்ல."

"அப்ப அடிச்சது யாரு?"

"செவுத்துக்கு இந்தாண்ட நீங்க நெய்துக்கினு இருந்தீங்க. விழாவுக்கும் நீங்கதான் வரணும்."

முனுசாமி யோசித்தார்.

"இன்னொரு வாட்டி போடு."

மறுபடி கேட்டுத் தலையாட்டினார்.

"நல்ல கைதான். மேடையில குழி தோண்ட உடுவாங்களா?"