வாசலிலேயே நின்ற மாப்பிள்ளை

"மாப்பிள்ளையா வரப்போறவனை வாசல்லயே மறிச்சு நிறுத்திட்டான் அமலா, படுபாவி" என்று சேஷாத்ரி போட்ட கூச்சலில், பக்கத்து குவார்ட்டர்ஸ் பெங்காலி மாமி கோஷ் பௌதி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாசலில் வம்பு என்றால் பார்க்காமல் இருக்க முடியுமா?

வாசலில் ஈ, காக்காய் இல்லை. மாப்பிள்ளைப் பையன் ஸ்ரீநாத் லண்டனில் கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தான். அவனை மறித்தது, சேஷாத்ரி வீட்டுக் கம்ப்யூட்டரில் புதிதாகக் குடியேறியிருந்த ஃபயர்வால் என்ற காவல்காரன்.

ஒருமுறை வைரஸ் வந்து கம்ப்யூட்டர் படுத்த படுக்கையானதிலிருந்து மனுஷருக்குப் பயம். பெஹாலாவிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் தபஸ் பாபுவைக் கூப்பிட்டு, இருப்பதிலேயே முரடாக ஒரு ஃபயர்வாலைப் போடச் சொன்னார். இவர் ஆபீசில் இருந்தபோது தபஸ் பாபு வந்து வேலையை முடித்தார். சேஷாத்ரியின் மனைவி அமலா கொடுத்த தோசையைச் சாப்பிட்டுக்கொண்டே, எதை எங்கே அமுக்கினால் என்ன ஆகும் என்று அவளுக்கு ஒரு மணி நேரம் பாடமும் எடுத்துவிட்டுப் போனார்.

"உனக்கு என்ன புரிஞ்சுதுன்னு அவர்கிட்ட மண்டையை ஆட்டிண்டிருந்தே?" என்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார் சேஷாத்ரி.

அன்றைக்குப் பிடித்தது சனி. திங்கட்கிழமை ஆபீஸ் கிளம்பும் முன் மெயில் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் ஒன்றும் வராது. சனிக்கிழமை காலை டிபனை முடித்துவிட்டு உட்கார்ந்தால் அப்போதும் வராது. ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்குமா என்றால், அதுவும் கிடையாது. ஊமைக் கோட்டான். தபஸ் பாபு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்த்தால் மட்டும் எல்லாம் சமர்த்தாக ஓடும்.

"உங்க மெஷினுக்கு உங்களைத்தான் பிடிக்கலை போலிருக்கு" என்று பெங்காலியில் சொல்லிவிட்டு அவர் போய்விடுவார்.

மெயில் கிடக்கட்டும், பெண் மீராவின் கல்யாணம் அல்லவா தொங்கிக்கொண்டிருந்தது. அலைந்து திரிந்து ஒரு வழியாகப் பொருந்தி வந்த ஜாதகம் அது. கேமராவில் ஒரு தரம் பேசிவிட்டால் முடிவு சொல்லிவிடுகிறேன் என்று ஸ்ரீநாத் சொல்லியிருந்தான். அவனோடு லண்டனில் இருந்த அப்பா வெங்கட்ராமனும் சேஷாத்ரியும் பேசி, ஞாயிறு நம்மூர் நேரம் ஐந்து மணி என்று வைத்துக்கொண்டார்கள்.

"ஏன்னா, ஆறு மணிக்கு மேல வெச்சுக்கப்படாதா?" என்று அமலா அப்போதே கேட்டாள்.

"லண்டன்ல இருக்கறவா சொன்ன நேரத்தை உன் சௌகரியத்துக்கு மாத்தணுமாக்கும். பேசாம இரு" என்று அவள் வாயை அடைத்தார்.

அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு வந்து போயிற்று. இரண்டு ஞாயிறும், கேமராவில் பேச வேண்டிய மெசஞ்சர் வாயைத் திறக்கவில்லை. இன்று மூன்றாவது. தபஸ் பாபுவைப் பக்கத்திலேயே உட்கார்த்தி வைத்தும் பலிக்கவில்லை.

"சே, எவ்வளவு நேரம்ப்பா இந்தப் பட்டுப்புடவையில வேகறது?" என்று மீரா விசிறிக்கொண்டாள்.

போன் அடித்தது. வெங்கட்ராமன்தான்.

"சேஷாத்ரி சார், பையன் மூணு வாரமா கோட்டை மாட்டிண்டு காத்துண்டிருக்கான். இஷ்டமில்லேன்னா வாயைத் திறந்து சொல்லிடுங்கோ. பெங்களூர் ஜாதகம் ஒண்ணு ரெடியா இருக்கு."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்கோ சார், ஒரு அரைமணி பொறுங்கோ" என்று கெஞ்சினார் சேஷாத்ரி. பெண்ணின் வாழ்க்கையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமோ என்று அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தபஸ் பாபு ஃபயர்வாலுக்குள் புகுந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அமலா சுவாமி விளக்கை ஏற்றிவிட்டு வெளியே வந்தாள். மெசஞ்சர் திடீரென்று தானாகத் திறந்துகொண்டது. திரையில் ஸ்ரீநாத், கோட்டும் சூட்டுமாக.

அவன் சிரித்தான். மீராவும் சிரித்தாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பெரியவர்கள் யாரும் தேவைப்படவில்லை. கடைசியில் வெங்கட்ராமன் கேமராவுக்குள் தலையை நீட்டி, "எங்களுக்குப் பரிபூர்ண சம்மதம் சார்" என்றார்.

சேஷாத்ரி தபஸ் பாபுவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மனுஷன் இல்லை தபஸ் பாபு, தெய்வம்."

"நான் ஒண்ணுமே செய்யலை சேஷாத்ரி பாபு" என்றார் தபஸ் பாபு. "இது மேல தப்பே கிடையாது. தினம் ஒன்றரை மணி நேரம் எதையும் உள்ளே விடாதேன்னு யாரோ இதுக்கு உத்தரவு போட்டிருக்காங்க. இன்னிக்கு நாலரையிலிருந்து ஆறு. நாளைக்குக் காலையில ஏழரையிலிருந்து ஒன்பது. ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு நேரம். இது என்ன கணக்குன்னுதான் எனக்குப் புரியலை."

சேஷாத்ரி மெல்லத் திரும்பி அமலாவைப் பார்த்தார்.

அவள் காபி டம்ளரை அவர் கையில் வைத்தாள்.

"பின்னே, ராகு காலத்துல மாப்பிள்ளையை உள்ள விடச் சொல்றேளா?"