ஒன்பதாவது கேள்வி

"லண்டன்காரிக்கு இன்னும் என்னத்தத் தெரியணுமாம், டீச்சர்?"

அலீமா தையல் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏழாவது கேள்வி, அக்கா. அடுத்த வீட்டு யன்னல் உள்ளுக்குத் திறக்குமா, வெளியில திறக்குமா எண்டு கேக்கிறா."

அலீமாவுக்கு அலுத்துப்போயிற்று. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்ன அந்த நாளை நாவலாக எழுத அவளுக்குப் பத்து வருடம் பிடித்தது. அது இங்கிலிசில் வருவதற்குள் உயிரே போய்விடும் போலிருந்தது. லண்டன் பதிப்பகத்து எடிட்டர் லேசில் விடுகிறவளாக இல்லை. கோழிக்கூடு எவ்வளவு பெரிசு, பெட்டிக்குப் பூட்டு இருந்ததா என்று துருவித் துருவிக் கேட்டாள். இன்றைக்குப் பதில் போகாவிட்டால் புத்தகம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். அதுவரை இழுத்துப்பிடிக்க அலீமாவுக்குத் தெம்பில்லை.

மொழிபெயர்த்தவள் கத்தரினா டீச்சர்தான். நாவலைப் படித்துவிட்டுத் தானாகவே தேடி வந்தவள். இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் கற்பிட்டியிலிருந்து பஸ் மாறி மாறி, அலீமா குடியேறிய கரைத்தீவுக்கு வருகிறாள். எதற்கு இந்தப் பாடு படுகிறாள் என்று அலீமாவுக்குப் புரிந்ததேயில்லை. இந்த வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி, வெறும் பிளேன்டிகூடக் குடிக்கமாட்டாள். கேட்டுக் கேட்டு அலீமாவும் விட்டுவிட்டாள்.

"யன்னலா? ஆருக்கு ஞாபகம் இருக்கு..."

"வெளியில எண்டு போடுறன்." டீச்சர் அதற்குள் மடிக்கணினியில் தட்டத் தொடங்கியிருந்தாள். "அந்தக் காலத்து யன்னலெல்லாம் அப்பிடித்தானே."

எட்டாவது கேள்வி, வந்த வள்ளத்தைப் பற்றியது. ஒரே சொல்லில் முடிந்தது.

"சரிதானே? அனுப்பிவிடுங்க."

டீச்சர் லண்டனிலிருந்து வந்த கேள்வித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்டு, அக்கா. ஒன்பதாவது."

"ம்... கேளுங்க."

"நீங்க வெளிக்கிட்டுப் போகேக்க, அடுத்த வீட்டுப் பேபி உங்களைப் பாத்துக்கொண்டே யன்னலைச் சாத்தினாள் எண்டு எழுதியிருக்கிறீங்க. அவளை இப்ப கண்டா என்ன செய்வீங்களாம்?"

அலீமாவுக்குச் சுருக்கென்றது. தெருவே பேபி என்று கூப்பிட்ட அந்தப் பிள்ளைக்குத் தினமும் தலை பின்னிவிட்டது அவள்தான்.

"கண்டா என்ன செய்வன் எண்டது புத்தகத்திலயே இல்ல. அவக்கு என்னத்துக்கு இது?"

"பதில் வேணும், அக்கா."

அலீமா பெருமூச்சு விட்டாள்.

"கன வருசம் கோபமாத்தான் இருந்தன். கண்டா நாக்கப் பிடுங்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும் எண்டு நினைச்சிருக்கன். இப்ப ஏலாது, டீச்சர். கோவிச்சுக் கோவிச்சுக் களைச்சுப்போனன். ஒம்பது வயசுப் புள்ள அது. வீட்டில சாத்தச் சொன்னா சாத்தத்தானே வேணும்? கண்டா ஒரு பிளேன்டி ஊத்திக் குடுப்பன். அவ்வளவுதான். அப்படியே எழுதுங்க."

டீச்சர் எழுதவில்லை. "முகம் கழுவிற்று வாறன்," என்று எழுந்து கிணற்றடிக்குப் போனாள்.

தாள் மேசையில் கிடந்தது. அலீமா அதைக் கையில் எடுத்தாள். அவளுக்கு இங்கிலிசு ஓடாது. ஆனால் இலக்கம் தெரியும். விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தாள். எட்டு. அதன் கீழே லண்டன்காரியின் கையெழுத்து. தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை.

தாளை இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு குசினிக்குப் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தாள்.

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி கத்தரினா உள்ளே வந்தபோது, அவளுடைய கதிரைக்கு முன்னால் பிளேன்டி இருந்தது.

"ஆறப்போகுது," என்றாள் அலீமா. "குடி, பேபி."