பதினான்கு நெறிக்கட்டிகள்

தீவிலுள்ள டெலானிபூரில் வசித்த ஜெயமணியை டாக்டரம்மா ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார்.

“மெட்ராஸ்ல ஆபரேஷன் ஆகி ஒரு வருஷமாச்சு. செக்கப்புக்கு ஏன் வரலை?”

“சாகப்போறவளுக்குச் செக்கப் எதுக்கு டாக்டர்?” ஜெயமணி சிரித்தாள். “மார்போட, அக்குள்ல இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. எல்லாத்துலயும் கேன்சர் பரவிடுச்சுன்னு கப்பல் தபால்ல லெட்டர் வந்துச்சு. பிள்ளைங்க ரெண்டும் சின்னது. அதான் நானே முன்னால நின்னு என் வீட்டுக்காரருக்கு இன்னொரு கல்யாணம் பண்ணி வெச்சேன்.”

அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

டாக்டரம்மா ஃபைலைத் திறந்தார். “அந்த நெறிக்கட்டிகளை வெச்சு மெட்ராஸ்ல ஆராய்ச்சி பண்றாங்க. நீங்க எப்படி இருக்கீங்கன்னு எனக்கு எழுதிக் கேட்டிருக்காங்க. உங்களுக்கு அனுப்பின லெட்டரோட நகலும் வந்திருக்கு. பதினாலு எடுத்திருக்காங்க. ஒண்ணுலகூட கேன்சர் இல்லை.”

ஜெயமணி அந்த நகலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“உங்க புருஷன் இப்படியா பொய் சொன்னார்?”

“அவருக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்துகூடத் தெரியாது டாக்டர்.”

“அப்போ படிச்சுச் சொன்னது யாரு?”

“என் கூடப்பொறந்த தங்கச்சி செல்லம். எனக்கு ஒத்தாசைக்குக் கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வந்தவ. படிச்சு முடிச்சதும் என்னைக் கட்டிப்பிடிச்சு அப்படி அழுதா.” ஜெயமணி நகலை மேஜையில் வைத்தாள். “அழாதடின்னு அவ தலையைத் தடவி, என் புருஷனைக் கட்டிக்கோன்னு நான்தான் அவகிட்ட கெஞ்சினேன்.”