குறைந்த ரேட்டு குணவதி

ஊராட்சி வேலைகளுக்கு டெண்டர் முடிவு செய்யும் பொறுப்பைச் சட்டம் இயந்திரத்திடம் ஒப்படைத்திருந்தது. யார் குறைந்த தொகைக்கு வருகிறாரோ, வேலை அவருக்குத்தான்.

வாய்க்கால் பாலம் இடிந்து வருஷக்கணக்காயிற்று. மகள் பள்ளிக்கூடம் போகவேண்டுமே என்று, தோட்டத்தில் சாய்ந்து கிடந்த தென்னையை ஆள்விட்டு இழுத்துவந்து குறுக்கே போட்டாள் குணவதி. ஊரே அதன்மேல் நடந்தது.

மறுநாள் ஊராட்சித் தலைவர் ஜோதிவேல் மாலையோடு வந்தார்.

"பாலம் காண்ட்ராக்ட் உனக்குத்தாம்மா. பைசா வாங்காம முடிச்சிட்டன்னு மெஷின் பதிஞ்சிருச்சு."

"நான் எதுவும் கேக்கலையேண்ணே!"

"கேக்காததுதான் குறைஞ்ச ரேட்டு. அஞ்சு வருஷப் பராமரிப்பும் உன் பொறுப்பு. கைப்பிடி இல்லன்னு இப்பவே உன்மேல புகார் வந்திருக்கு."

"யாரு குடுத்தா?"

"நான்தான். வழுக்கி விழுந்துட்டேன்ல!"

அன்று மாலையே குணவதி ஆத்திரத்தோடு மரத்தை அகற்றினாள். காலையில் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். பாதி வாய்க்காலில் மகளின் கையிலிருந்த கைபேசி பேசியது.

"வாழ்த்துகள். ஆட்களைக் கரை கடத்தும் பணி தங்களுக்கு வழங்கப்பட்டுள்ளது."

குணவதி நிமிர்ந்து பார்த்தாள். எதிர்க்கரையில் நீண்ட வரிசை. எல்லோருக்கும் முன்னால், வேட்டியை மடித்துக் கட்டியபடி தலைவர் நின்றார்.