வளையம் போடுகிற கை

காட்டுக்குள் இருக்கும் கொட்டகையின் மேசைமேல் இளவேனில் வெயில் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. கடல் தாண்டி வடக்கே போகிற குருவி ஒன்று, அடையாள வளையம் மாட்டுவதற்காக வலையில் பிடிபட்டு என் மகளின் கைக்குள் இருக்கிறது. அதன் கழுத்து அவளுடைய இரண்டு விரல்களுக்கு நடுவே. பறவை பார்க்க வந்தவர்கள் தொலைநோக்கியைத் தொங்கவிட்டு மூச்சடக்கி நிற்கிறார்கள். எல்லோரையும்விட நான்தான் பயந்து நிற்கிறேன். வீட்டில் இவள் கைபட்டு முழுசாகத் தப்பிய கண்ணாடிச் சாமான் கிடையாது. நானே இவளைப் 'பூகம்பம்' என்றுதான் கூப்பிடுவேன். "நிழல் விழுது, கொஞ்சம் தள்ளிக்கோம்மா," என்கிறாள் தலை நிமிராமல். தள்ளிக்கொள்கிறேன். நூல்போன்ற காலில் அரிசியளவு வளையத்தை வைத்து இடுக்கியால் மெல்ல அழுத்துகிறாள். 'டிக்'கென்று ஒரு சத்தம். குருவி கண்ணை இமைக்கிறது, திமிறவில்லை. அவள் விரல்களை விரிக்கிறாள். பறக்கலாம் என்று தெரிந்தும் அது ஒரு கணம் உள்ளங்கையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு மரங்களுக்குமேல் எழும்பிப் போகிறது. பக்கத்தில் நிற்பவர், "என்ன கைங்க அது. யார் வீட்டுப் பொண்ணு?" என்கிறார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே சொல்கிறேன்: "என் பொண்ணுதாங்க. வீட்ல ஒரு டம்ளரை விட்டு வச்சதில்ல."