பதின்மூன்றாவது பொட்டலம்

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து வேலை செய்யும் பன்னிரண்டு பெண்களிடம், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று தர்மினி தன் ஆய்வுக்காகக் கேட்டு ஆளுக்கொரு படிவத்தில் எழுதினாள். பன்னிரண்டு பேரை மும்மூன்று பேராகச் சேர்த்துப் பார்த்தால் 220 கூட்டுகள் வரவேண்டும். கணினி 286 என்றது. அது பதின்மூன்று பேருக்கான எண். படிவங்களைத் திரும்ப எண்ணினாள். பன்னிரண்டுதான்.

மறுநாள் கேண்டீன் மேசையில் ஸ்ட்ரா செருகிய தே-ஓ ஐஸ், பாலில்லாத ஐஸ் தேநீர், பொட்டலங்கள் பதின்மூன்று இருந்தன.

"பன்னெண்டுதான் கட்டச் சொல்றோம் மிஸ்," என்றாள் லைன் லீடர் பிரவீனா. "தெனமும் ஒன்னு கூட வருது. கடையில கேட்டாச்சு, அவங்களுக்கும் தெரியல. என்னா செய்யறது, விட்டுட்டோம் லா."

அந்த வாரமே பிரவீனா மோட்டார்சைக்கிள் விபத்தில் இறந்துபோனாள். தர்மினி அவளுடைய படிவத்தை எடுத்துவிட்டு மறுபடி கணக்கிட்டாள். பதினொரு பேருக்கு 165 வரவேண்டும். கணினி 286லேயே நின்றது.

துக்கம் விசாரிக்கக் கேண்டீனுக்குப் போனாள். மேசையில் பதின்மூன்று பொட்டலங்கள். பதினொரு பெண்களும் தலை நிமிராமல் தங்களுடையதை உறிஞ்சினார்கள். காலியாக இருந்த இரண்டு நாற்காலிகளை யாரும் பார்க்கவில்லை.

மணி அடித்து எல்லோரும் எழுந்தபோது, அந்த நாற்காலிகளின் முன்னிருந்த இரண்டு பொட்டலங்களிலும் ஐஸ் மட்டும் மிச்சமிருந்தது.