மஹ்ஜூபாவின் மூன்று கள்ளிகள்

“அந்த ஓரத்துச் செடியிலேர்ந்து ஒரே ஒரு மடல்தானேக்கா கேக்குறேன்?” என்றான் மிலூத்.

“இப்பத் தர முடியாது” என்று சொல்லிவிட்டு மஹ்ஜூபா ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

வெள்ளைப் பூச்சி வந்ததிலிருந்து மொராக்கோவில் மராகேஷ் நகருக்கு வடக்கே சப்பாத்திக்கள்ளி வேலி எதுவும் மிஞ்சவில்லை. கோடையில் விற்கப் பழம், வறட்சியில் ஆட்டுக்குத் தீனி எல்லாம் அதுதான். பஞ்சு அப்பியதுபோல் பூச்சி மொய்த்து, ஆள் உயரக் கள்ளியெல்லாம் கருகிச் சாய்ந்தது. மஹ்ஜூபா கொல்லையில் மட்டும் மூன்று செடிகள் பச்சையாக நின்றன. நட்டு வளர்க்க ஒரு மடல் கேட்டவர் யாருக்கும் அவள் கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு மிலூத்துக்குப் பொறுக்கவில்லை. கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று டீக்கடையில் புலம்பித் தீர்த்தான்.

மறுநாள் காலை சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தவன் திகைத்துப்போனான். செத்துப்போன சாலையோர வேலியிலிருந்து பூச்சி அப்பிய மடல்களை வாளியில் அள்ளிவந்து, தன் மூன்று செடிகளிலும் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள் மஹ்ஜூபா.

யாருக்கும் கிடைக்கக் கூடாது என்று கெடுக்கிறாளா? இல்லை, புத்திதான் பிசகிவிட்டதா?

அன்றிலிருந்து எட்டிப் பார்ப்பதே அவனுக்கு வேலையாயிற்று. ஓரத்துச் செடி முதலில் வெளுத்தது. அப்புறம் நடுச்செடி. இரண்டும் சாய்ந்தன. மூன்றாவதிலும் பூச்சி ஏறியது, ஊர்ந்தது. ஆனால் பெருகவில்லை. காய்ந்து உதிர்ந்தது.

கோடை முடிந்ததும் அவளே சுவரோரம் வந்து அவனைக் கூப்பிட்டாள்.

“மாசக்கணக்கா எட்டி எட்டிப் பாக்குறியே, வாயைத் திறந்து கேட்டா என்ன?”

“நல்லா இருந்த செடியில எதுக்குக்கா பூச்சியை விட்டே?”

“அது பூச்சியைத் தாங்குற செடியா, இல்ல பூச்சி கண்ணுல படாமத் தப்பிச்ச செடியான்னு வேற எப்படித் தெரியும்? இந்த மூணாவது செடி உள்ளுக்குள்ள என்ன வச்சிருக்கோ, உறிஞ்சுன பூச்சி பொழைக்கலை.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா விட்டிருப்பீங்களா? மறுநாளே மூணையும் ஆளுக்கொண்ணா ஒடிச்சிருப்பீங்க.”

அவள் காலடியில் ஒரு பெரிய கூடை இருந்தது. ஊரில் வீட்டுக்கு ஒன்றாக மடல் வெட்டி வைத்திருந்தாள். மேலாக இருந்ததை எடுத்து அவனிடம் நீட்டினாள். மிலூத் தலைகுனிந்தபடி வாங்கிக்கொண்டான்.

“நீ அன்னிக்குக் கேட்டதைக் குடுத்திருந்தா, காய்க்கும் காய்க்கும்னு வருஷக்கணக்கா காத்திருந்து இன்னொரு தடவை அழுதிருப்பே. இதை நடு.”